கால் கயிறு

திங்கள் முதல் சனி வரை
பணகுடிக்கு மேற்கே காற்றாலைக் கோபுரத்தில்
எண்பது மீட்டர் உயரத்தில் எனக்கு வேலை.
இடுப்பில் இரண்டு கொக்கி.
ஒன்றைக் கழற்றுமுன்
மற்றது கம்பியைக் கவ்வியிருக்க வேண்டும்.
ஏழு வருடத்தில் ஒரு மூச்சு நேரம்கூட
இரண்டும் சேர்ந்து திறந்திருந்ததில்லை.

ஞாயிறன்று கூட்டப்பனைக் கடலிலும்
அதே காற்றுதான்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் தோள் இடித்து நுழைந்து,
வாரமெல்லாம் நான் கிரீஸ் தடவிய இறக்கைகளைச் சுற்றிவிட்டு,
தேரி மணலைக் கண்ணில் வாரி இறைத்து,
பனைகளைத் தாண்டி வந்து
என் பட்டத்தைத் தூக்குகிறது.

பட்டத்துக்குக் கயிறு உண்டு. அதில் பேச்சே இல்லை.
பலகைக்கும் காலுக்கும் நடுவே
ஒன்றும் இல்லை.

"ஏ பெல்சி, மேல ரெண்டு கொக்கி,
இங்க ஒத்தக் கயிறுகூட கெடையாதா?
நல்லாருக்கே ஒன் நியாயம்."

கேட்டவன் லியோன்சியுஸ்.
கேட்கும்போது தொப்பி போட்டிருந்தான்.
தொப்பிக்குக் கீழே
வள்ளியூர் ஆஸ்பத்திரியின் பதினொரு தையல்.

அவன் கட்டியிருந்தான்.
விழுந்ததும் பட்டம் அவனை இழுத்தது.
பலகை தண்ணீரில் குத்தி நின்றது.
ரப்பர் கயிறு நீண்டது, நீண்டது,
பிறகு பலகையின் பிடி விட்டது.
அவ்வளவுதான். கவண்கல் மாதிரி.
"எது அடிச்சுது?" என்றார் டாக்டர்.
"என்னோட பலகைதான் சார்."
அவர் நம்பாமல்
பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதிக்கொண்டார்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்?
அதையும் சொல்ல வேண்டும்.

போன ஆடி, இரண்டாம் ஞாயிறு.
கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மாதம்.
குதித்தேன், பலகை நழுவியது.
ஒரு கையால் பட்டம், மறு கை தண்ணீருக்குள்,
உடம்பே துடுப்பாகக்
காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாய்
வாயெல்லாம் உப்பு.
முதல் திருப்பத்தில் அதன் மஞ்சள் தெரிந்தது.
இரண்டாம் திருப்பத்திலும் தெரிந்தது.
மூன்றாவதில் அலைகள் மட்டும்.

பலகையா கரையா என்று
அதற்குமேல் யோசிக்கவில்லை.
உவரிப் பக்கம் கரையேறிச்
சுருட்டிய பட்டத்தைத் தலையில் வைத்து நடந்தேன்.
வழியில் ஒருவர் கேட்டார்:
"கூடாரம் விக்கிறியாம்மா?"

பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது.
பெரியதாழை வள்ளம் ஒன்றின் வலையில்
சாளையோடு சேர்ந்து ஏறியிருக்கிறது.
போய்ப் பார்த்தால்
டெய்சிலா அக்கா அதைக் கவிழ்த்துப்போட்டு
சீலாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.
மஞ்சள் முழுக்கச் செதில்.
கால் வார் இரண்டும் அறுத்து
ஐஸ் பெட்டிக்குக் கைப்பிடி ஆகியிருந்தன.

ஐந்நூறு ரூபாய்,
அறுந்த வலைக்கண்ணுக்கு இருநூறு.
பேரம் பேசும் முகம் அவளுக்கில்லை.

பணத்தை எண்ணி முடித்துக் கேட்டாள்:
"கயிறு கட்டிருந்தா பலகை திரும்பி வந்திருக்கும்லா?"
"வந்திருக்கும்க்கா. என் மண்டைக்கு."
கத்தியைக் கழுவினாள்.
"அப்பக் கட்டாத.
எங்களுக்கும் அப்பப்ப ஒரு பலகை வேணும்."

கோபுரத்தில் நின்றால்
தெற்கே கடல் ஒரு நூல் கனம் தெரியும்.
கொக்கியை மாட்டும்போதெல்லாம்
லியோன்சியுஸின் கேள்வி வருகிறது.
பதில் இப்படி வைத்திருக்கிறேன்:
இங்கே பிடி விட்டால் கீழே தரை.
அங்கே பிடி விட்டால் கீழே தண்ணீர்,
அது என்னைத் தாங்கும்,
பலகை தூரமாய் இருக்கும் வரை.
சொல்லச் சொல்ல சரியாக இருக்கிறது.
ஆடி பிறந்து காற்று திரும்பினால்
கொஞ்சம் ஆடுகிறது.

கயிறு வாங்கவில்லை.
பலகையின் அடியில் என் போன் நம்பரைக்
கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினேன்,
பெரியதாழையிலிருந்தும் படிக்கிற மாதிரி.

கடைசி இரண்டு எண்
உப்பில் அழிந்திருக்கின்றன.
சனி இரவுக்குள் எழுத வேண்டும்.